வயிற்றில் குழந்தை, கையில் ஊசி: கர்ப்பகால ஹெப்பாரினைப் புரிந்துகொள்வது

எட்டாவது வாரத்தில் தொடங்கினால் பிரசவம் வரை சுமார் 220 ஊசிகள். பிறகு ஆறு வாரத்துக்கு இன்னும் 42. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வகை ஊசியை எழுதிக் கொடுக்கும்போது இந்தக் கூட்டலை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. சொல்வது இவ்வளவுதான்: தினமும் ஒன்று, வயிற்றில் போட வேண்டும், காற்றுக்குமிழை வெளியே தள்ளாதீர்கள், போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், பிரசவ வலி எடுத்தால் போடாதீர்கள். ஒரு நர்ஸ் ஒருமுறை செய்து காட்டுவார். மறுநாள் முதல் நீங்களும் ஊசியும்தான்.

இந்த விதிகள் எல்லாமே சரியானவை. ஆனால் காரணம் சொல்லாமல் விட்ட விதி ஒவ்வொன்றும் நாளடைவில் ஒரு பயமாகிவிடுகிறது. குமிழ் உள்ளே போனால்? ஊசிமுனை குழந்தையைத் தொட்டுவிட்டால்? ஒருநாள் மறந்துவிட்டால்? குத்திக்கொள்வது சில நொடி வேலை. இந்தக் கேள்விகள்தான் நாள் முழுக்கக் கூடவே வருகின்றன. அதனால் இங்கே விதிகளைவிட அவற்றின் காரணங்களைத்தான் அதிகம் பேசப் போகிறேன். மருந்தின் அளவும் நேரமும் நிறுத்தும் நாளும் உங்கள் மருத்துவர் முடிவு செய்வது. அதை இந்தக் கட்டுரை தொடவில்லை.

ஏன் இந்த ஊசி?

கர்ப்பம் என்றாலே ரத்தம் கொஞ்சம் எளிதாக உறையும். அது நோயல்ல, முன்னேற்பாடு. குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரியும்போது அங்கே பெரிய காயம் உண்டாகிறது. அந்த ரத்தப்போக்கை நிறுத்த உடல் மாதக்கணக்கில் தயாராகிறது: ஃபைப்ரினோஜன், எட்டாம் உறைதல் காரணி போன்றவை கூடுகின்றன, உறைதலைக் கட்டுக்குள் வைக்கும் புரதம் எஸ் குறைகிறது, உண்டான ரத்தக்கட்டியைக் கரைக்கும் வேலையும் மந்தமாகிறது. போதாக்குறைக்கு, வளரும் கர்ப்பப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துவதால் கால்களிலிருந்து ரத்தம் மெதுவாகத்தான் மேலே திரும்புகிறது. இடது காலின் ரத்தத்தைக் கொண்டுவரும் சிரையின் மேல் வலது பக்கத்துத் தமனி குறுக்கே செல்வதால் அங்கே அழுத்தம் இன்னும் அதிகம். கர்ப்பிணிகளுக்குக் காலில் ரத்தக்கட்டி வந்தால் பெரும்பாலும் அது இடது காலில் வருவதற்கு இதுதான் காரணம்.

கர்ப்பமில்லாத அதே வயதுப் பெண்ணோடு ஒப்பிட்டால் ஆபத்து நான்கைந்து மடங்கு. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் மொத்தக் கணக்கில் ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில்தான் இப்படிக் கட்டி வருகிறது. எல்லாருக்கும் ஊசி போடாததும் அதனால்தான். முன்பே காலிலோ நுரையீரலிலோ கட்டி வந்தவர்கள், சில பரம்பரை உறைதல் கோளாறு உள்ளவர்கள், ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி (உடலின் எதிர்ப்புச் சக்தியே ரத்தத்தை எளிதாக உறையவைக்கும் நோய்) உள்ளவர்கள், செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள், உடல் எடை, வயது, படுக்கை ஓய்வு என்று சிறு சிறு ஆபத்துகள் பல ஒன்றுசேர்ந்தவர்கள் ஆகியோருக்குத்தான் இது பரிந்துரைக்கப்படுகிறது. வால்வு உள்ளவர்களின் நிலை தனி. அவர்களுக்கு அளவும் ரத்தப் பரிசோதனையும் மிகக் கறாராக இருக்கும், இங்கே சொல்வதில் பாதி அவர்களுக்குப் பொருந்தாது.

கருச்சிதைவுக்காக இந்த ஊசி போடுவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி உறுதியான பெண்களுக்கு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் சேர்த்துக் கொடுத்தால் குழந்தை உயிரோடு பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. 1997-இல் வந்த ஓர் ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதமாக இருந்த வெற்றி, இரண்டும் எடுத்தவர்களில் 71 சதவீதம். ஆனால் பரம்பரை உறைதல் கோளாறோடு மீண்டும் மீண்டும் கரு கலைந்த பெண்களிடம் நடத்தி 2023-இல் வெளியான ஆலைஃப்2 என்ற ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை; இரு தரப்பிலும் பத்தில் ஏழு பேருக்கு மேல் குழந்தை பெற்றார்கள். கரு கலைந்த துக்கத்தில் இருப்பவரிடம் ‘எதற்கும் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது எளிது. அந்த ‘எதற்கும்’ என்பதன் விலை தினமும் ஓர் ஊசி. எந்தக் காரணத்துக்காக எனக்கு இது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. பதில் தெளிவாகக் கிடைத்தால் ஊசி போடும் மனத்துக்கும் அது பலம்.

மாத்திரை ஏன் கிடையாது?

எல்லாரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. வார்ஃபரின் மாத்திரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போய்விடும். குறிப்பாக 6 முதல் 12 வாரத்துக்குள் மூக்கு, எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளும் நஞ்சுக்கொடியைக் கடப்பவை. ஹெப்பாரினோ உருவத்தில் பெரிய, எதிர்மின்னேற்றம் நிறைந்த மூலக்கூறு. அதனால் நஞ்சுக்கொடியைத் தாண்ட முடிவதில்லை. அதே காரணத்தால்தான் குடலும் அதை உள்ளே விடுவதில்லை. குழந்தைக்குப் போகாது என்ற நன்மையும் மாத்திரையாக விழுங்க முடியாது என்ற தொல்லையும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம். எனக்கு இந்த மருந்தைப் பற்றிப் பிடித்த விஷயமே இதுதான். ஊசி வலிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளலாம், இது ஊசியாக இருப்பதால்தான் குழந்தை இதை அறியாமல் இருக்கிறது என்று.

1916-இல் அமெரிக்காவில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடிப் போய், உறையவிடாத பொருளைக் கண்டார். அதிலிருந்து வந்ததுதான் ஹெப்பாரின். இன்று கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பது அதைத் துண்டாக்கிச் சிறிதாக்கிய வடிவங்கள்: எனாக்ஸபாரின், டால்டெபாரின், டின்சாபாரின். பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. மத நம்பிக்கையோ சைவ உணவுப் பழக்கமோ காரணமாக இது உறுத்தினால் வெட்கப்படாமல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் தெரிந்து மனம் ஒடிந்து நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

உடலில் இது செய்யும் வேலை எளிது. ஆன்டித்ராம்பின் என்று ஒரு புரதம் நம் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது. தேவையில்லாத உறைதலைத் தடுப்பது அதன் வேலை. ஹெப்பாரின் அதோடு சேர்ந்துகொண்டு வேகத்தைக் கூட்டுகிறது, நடந்து ரோந்து போகும் காவலாளிக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்ததுபோல. ரத்தம் தண்ணீராகிவிடுவதில்லை. தடுப்புக்குக் கொடுக்கும் வழக்கமான அளவில் விரலில் கத்தி பட்டால் ரத்தம் நிற்க வழக்கத்தைவிடச் சற்று நேரம் ஆகலாம், அவ்வளவுதான். ஏற்கெனவே உண்டான கட்டியை இது கரைப்பதும் இல்லை. வளரவிடாமல் பிடித்து வைத்திருக்கும், கரைப்பதை உடலே பார்த்துக்கொள்ளும்.

குத்தும் அந்த நிமிடம்

முதலில் பெரிய பயம்: வயிற்றில் குத்தினால் குழந்தைக்கு? எனாக்ஸபாரின் ஊசியின் நீளம் சுமார் 12 மில்லிமீட்டர். அது போய் நிற்கும் இடம் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு. அதற்குக் கீழே வயிற்றுத் தசை, அதற்கும் கீழே கர்ப்பப்பையின் தடித்த சுவர், அதற்குள் பனிக்குடம், பனிநீர். தோலை மடித்துப் பிடித்துப் போடும்போது ஊசிமுனை குழந்தையை எட்ட வழியே இல்லை. ஒன்பதாம் மாதத்தில் வயிறு இறுகி மடிப்பே கிடைக்காமல் போகும். அப்போது தொப்புளுக்கு நேராகத் தேட வேண்டாம். இடுப்புப் பக்கமாக ஓரத்துக்கு வாருங்கள், அல்லது தொடையின் வெளிப்பக்கத்தின் மேல்பகுதிக்குப் போங்கள். மருந்து அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும்.

தொப்புளைச் சுற்றி சுமார் ஐந்து சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். தழும்பு, கன்றிய இடம் இரண்டையும் தவிர்க்க வேண்டும். இன்று இடது என்றால் நாளை வலது. நின்றுகொண்டு போடாதீர்கள், சாய்ந்து உட்கார்ந்தால் வயிற்றுத் தசை தளர்ந்து மடிப்பு எளிதாகக் கிடைக்கும், தலை சுற்றினாலும் விழ மாட்டீர்கள். துடைக்க ஸ்பிரிட் பஞ்சு பயன்படுத்தினால் காயும் வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட் உள்ளே போய் எரியும். பலர் மருந்தைத் திட்டும் எரிச்சலில் கொஞ்சம் இந்தப் பொறுமையின்மையால் வருவது.

குமிழ் விஷயத்துக்கு வருவோம். சிரிஞ்சுக்குள் தெரியும் அந்தச் சிறு காற்றுக்குமிழ் தவறுதலாக வந்ததல்ல. மருந்தின் கடைசித் துளியையும் ஊசியிலிருந்து வெளியே தள்ளுவது அதுதான். அதை வெளியேற்ற முயன்றால் கூடவே மருந்தும் சிந்தி அளவு குறைந்துவிடும். காற்று உள்ளே போனால் ஆபத்து என்ற பயம் ரத்தக்குழாயில் நேராக ஏற்றும் ஊசிகளைப் பற்றியது. இது கொழுப்பில் போய்ச் சேரும் அற்பமான காற்று, உடல் அதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். உங்களுக்குச் சொன்ன அளவு சிரிஞ்சில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் மிச்சத்தை வெளியேற்ற வேண்டி வரும். அதை எப்படிச் செய்வது என்று செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக முழு நீளமும் உள்ளே செலுத்த வேண்டும். தயங்கித் தயங்கிக் குத்துவதுதான் அதிகம் வலிக்கும். ஆனால் மருந்தைத் தள்ளும்போது நேர்மாறு: மெதுவாக. பத்து நொடியில் முடிப்பதைவிட முப்பது நொடி எடுத்துக்கொண்டால் வலியும் கன்றலும் குறைகின்றன என்று இதை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன. முழுக்கத் தள்ளி முடித்து, ஊசியை நேராக வெளியே எடுக்கும் வரை மடிப்பை விடக் கூடாது. எடுத்தபின் பஞ்சால் லேசாக அழுத்தலாம், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் அங்கே உடைந்திருக்கும் நுண்குழாய்களிலிருந்து ரத்தம் பரவி நீலம் பெரிதாகும். போடுவதற்கு முன் சில நிமிடம் துணியில் சுற்றிய ஐஸ் வைப்பது சிலருக்கு உதவுகிறது.

இவ்வளவு செய்தாலும் சில நாள் நீலம் வரும். நன்றாகப் போட்ட ஊசியும் ஒரு சிறு ரத்தக்குழாயில் பட்டால் கன்றத்தான் செய்யும், அது உங்கள் கைத்திறனுக்கு மதிப்பெண் அல்ல. மஞ்சள், பச்சை, ஊதா என்று வயிறு வரைபடம்போல ஆனாலும் குழந்தைக்கு அதனால் ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: போட்ட இடத்தில் அரிப்போடு சிவந்த தடிப்பு வந்து நாளுக்கு நாள் பரவினால் அது மருந்துக்கான ஒவ்வாமையாக இருக்கலாம். அரிப்பைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். அதே குடும்பத்தின் வேறு மருந்துக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

எனாக்ஸபாரினை ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை, உறையவிடவும் கூடாது. 25 டிகிரிக்குக் கீழே, வெயில் படாமல் இருந்தால் போதும். மற்ற மருந்துகளுக்குப் பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். விமானத்தில் போனால் கைப்பையில், மருத்துவரின் கடிதத்தோடு. போட்டு முடித்த ஊசியைக் குப்பையில் அப்படியே வீசாமல், கூர்முனைகளுக்கென்று தரும் கெட்டியான டப்பாவில் போட்டு, மருத்துவமனையோ மருந்துக்கடையோ திரும்ப வாங்கிக்கொள்ளுமா என்று கேளுங்கள்.

மனம் ஒத்துழைக்காத நாட்கள்

ஊசி பயம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. சிலருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தள்ளிப் போடத் தோன்றும். வேறு சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். முதல் வகைக்கு மூச்சைச் சீராக்கித் தளர்வது உதவும். இரண்டாம் வகைக்குத் தளர்ச்சி உதவாது. கை, கால் தசைகளைச் சில நொடி இறுக்கிப் பிடித்து விடுவதைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் அழுத்தத்தை உயர்த்தி மயக்கத்தைத் தடுக்கும். கூடவே பக்கவாட்டில் சாய்ந்துகொள்ளலாம். பல பேர் தங்களுக்கு எது என்று தெரியாமல் தவறான வைத்தியத்தைச் செய்து பார்த்து, ‘எனக்கு எதுவும் பலிக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு ஊசியைவிட அதற்கு முந்தைய அரைமணி நேரம்தான் கொடுமை. இதற்கு ஒரே வழி பேரத்தை நிறுத்துவது: நேரத்தை முடிவு செய்து, பல் தேய்ப்பது மாதிரி ஏதாவது ஓர் அன்றாட வேலையின் முதுகில் ஏற்றிவிடுங்கள். மூன்று மாதம் போட்டவருக்கும் ஒருநாள் திடீரென்று கை போகாது. அப்படிப்பட்ட நாளில் கணவரோ அம்மாவோ அக்காவோ போட்டுவிடட்டும். அதற்காகவே இன்னொருவரும் முதல் நாளே நர்ஸிடம் கற்றுக்கொள்வது நல்லது. சிலருக்கு நேர்மாறு: வேறு கை பட்டால்தான் பயம், தன் கையென்றால் வலிக்கும் முன் நிறுத்தலாம் என்ற தைரியம் இருக்கும். சுற்றி இருப்பவர்கள் ‘குழந்தைக்காகத்தானே’ என்று சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் உபகாரம். அது அவளுக்கும் தெரியும். வலிக்கிறது என்று அவள் சொல்லும்போது கேட்பது பதிலை அல்ல.

மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் போடுங்கள், ஆனால் அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். எதுவரை தாமதிக்கலாம் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு ஊசியை ஒன்றாகப் போடுவது மட்டும் ஒருபோதும் வேண்டாம். ஒரு வேளை தவறியதால் உடனே கட்டி வந்துவிடாது. அடிக்கடி தவறுவதுதான் பிரச்சினை. ஏற்கெனவே உள்ள கட்டிக்காக முழு அளவில் போடுகிறவர்கள், வால்வு உள்ளவர்கள் ஒரு வேளை தவறினாலும் அன்றே தெரிவிக்க வேண்டும். தலைவலி, உடம்புவலிக்கு இபுபுரோஃபென் வகை மாத்திரைகளைத் தாமாக எடுக்கக் கூடாது. ரத்தக்கசிவைக் கூட்டும், கர்ப்பத்துக்கும் ஆகாது.

ஊசி போடுகிறோம் என்பதால் கட்டி வரவே வராது என்று இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால் காத்திருக்கக் கூடாது. அதேபோல நிற்காத ரத்தப்போக்கு, கீழே விழுந்து தலையில் அடி, கடுமையான தலைவலி. பிறப்புறுப்பில் ரத்தம் பட்டால் அடுத்த ஊசியைப் போடாமல் முதலில் மருத்துவமனையை அழையுங்கள். பல் ஈறில் லேசாகக் கசிவதும் மூக்கில் சிறிது ரத்தம் வருவதும் ஊசி போடாத கர்ப்பிணிகளுக்கும் உண்டு. அடுத்த பரிசோதனையில் சொன்னால் போதும்.

பிரசவமும் அதன் பிறகும்

கடைசி மாதத்தில் எல்லார் கவனமும் ஒரே கணக்கில் நிற்கும்: கடைசி ஊசி எத்தனை மணிக்கு? முதுகில் எபிடியூரலோ (பிரசவ வலியை மரத்துப்போகச் செய்யும் ஊசி) சிசேரியனுக்கான மயக்க ஊசியோ போட வேண்டும் என்றால், தடுப்பு அளவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், முழுச் சிகிச்சை அளவுக்குப் பின் 24 மணி நேரமும் இடைவெளி விடுவது பொதுவான நடைமுறை. காரணம், முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள குறுகிய இடத்தில் ரத்தம் கசிந்து தேங்கினால் நரம்புகளை நசுக்கிவிடும். மிக அரிது, ஆனால் நேர்ந்தால் கால்கள் செயலிழக்கலாம். இடைவெளி போதாமல் அவசரமாக சிசேரியன் செய்ய நேர்ந்தால் முழு மயக்கம் கொடுப்பார்கள். வலி எடுத்ததுபோலத் தோன்றினால் ஊசியை நிறுத்திவிட்டு அழையுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். பொய்வலியாக இருந்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு ஊசியின் நேரத்தையும் போனிலோ காகிதத்திலோ குறித்து வைத்தால், வலியோடு வந்து நிற்கும்போது ஞாபகத்தைக் கிளறத் தேவையிருக்காது.

குழந்தை பிறந்ததும் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அடுத்த ஆறு வாரம் ஓர் ஏமாற்றம். ஆனால் ரத்தக்கட்டியின் ஆபத்து நாள் கணக்கில் பார்த்தால் கர்ப்பத்தைவிடப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான் அதிகம், அதிலும் முதல் சில வாரங்கள். அந்த நேரம் பார்த்துத்தான் தூக்கமும் இருக்காது, நினைவும் இருக்காது. 200 ஊசியை ஒழுங்காகப் போட்டவர் இந்த 42-இல் கோட்டை விடுவது சகஜம். இந்தக் காலத்துப் பொறுப்பை வீட்டில் வேறொருவர் கையில் கொடுத்துவிடுவது என் கணிப்பில் மிகச் சிறந்த ஏற்பாடு. தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. பாலில் கலப்பது மிகச் சொற்பம், அதையும் குழந்தையின் குடல் உறிஞ்சாது. நீண்டகாலம் மருந்து தேவைப்படுபவர்கள் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே வார்ஃபரினுக்கு மாறலாம். புதிய மாத்திரைகளைத் தாய்ப்பால் கொடுக்கும்போது பொதுவாகத் தவிர்க்கிறார்கள்.

ஆறாம் வாரப் பரிசோதனையில் இரண்டு விஷயம் கேட்க மறக்கக் கூடாது. ஒன்று, கருத்தடை: ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் பொதுவாக ஆகாது, வேறு முறைகள் இருக்கின்றன. இன்னொன்று, அடுத்த கர்ப்பம்: அப்போதும் ஊசி வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வாரத்திலிருந்து. பலருக்கு அது கர்ப்பம் உறுதியானதுமே தொடங்க வேண்டியதாக இருக்கும், அதனால் பதிலை எழுத்தில் வாங்கி மருத்துவக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.